ஈரத்துக்குப் பயந்தவன்

எண்ணெய்ச் சட்டி அடுப்பேறினாலே ஸ்டீபனுக்குப் பயம்; ஏதாவது சாக்குச் சொல்லி வாசலுக்கு நழுவிவிடுவான். வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். கவரைப்பேட்டையைத் தாண்டி இருக்கிற இரும்பு ஆலையில், உருக்கு உலை முன்னால் பாதி வயசைக் கழித்த ஆள் அவன்.

போன மழைக்காலத்தில், பழைய இரும்போடு இரும்பாக, வாய் அடைபட்ட குழாய் ஒன்றும் உலைக்குள் போய்விட்டது. குழாய்க்குள்ளே மழைத்தண்ணீர். கொதிக்கிற இரும்புக்குள் தண்ணீர் போனால் சும்மா இருக்குமா? வெடித்தது. நெருப்புக் குழம்பு தெறித்து அவன் கழுத்தும் தோளும் வெந்தன. புண் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. குக்கர் விசிலடித்தாலும் தூக்கிவாரிப் போடும். நாளைக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். உலைக்குப் பயந்தவனை ஆலையில் எவன் வைத்துக்கொள்வான்? பெண்டாட்டி செண்பகத்திடம்கூட அவன் இதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மழையோடு மழையாக மேஸ்திரி ஜெரால்ட் வந்தார். எவனை எங்கே நிறுத்துவது என்று முடிவு பண்ணுகிறவர் அவர்தான்.

“இன்னாடா ஸ்டீபா, நாளைக்கு ரெடியா?”

“ரெடிதாண்ணா.”

“மழைக்கு வெங்காயப் பக்கோடா போட்டா நல்லாருக்கும். நானு வெரல வெட்டிக்கினு கீறேன்,” என்று கட்டுப் போட்ட கையைக் காட்டினாள் செண்பகம். “நீ போடுய்யா. நெருப்புலயே பொழங்குற ஆளுதான?”

“அதான! பர்னேஸையே பாத்தவனுக்கு அடுப்பு ஜுஜுபி,” என்றார் ஜெரால்ட்.

மேஸ்திரி முன்னால் மாட்டேன் என்று சொன்னால் வேலை போச்சு. ஸ்டீபன் வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து உப்புப் போட்டுப் பிசறினான். வெங்காயம் தண்ணீர் விட்டது. அதைப் பார்த்ததும் இரண்டு கையாலும் அள்ளினான். பிழிந்தான். மறுபடி பிழிந்தான். அப்புறமும் மனசு கேட்காமல், ஒரு வேட்டியை விரித்து அதில் வெங்காயத்தைப் பரப்பி, ஃபேனை முழு வேகத்தில் சுழலவிட்டான்.

“இன்னாய்யா, வெங்காயத்துக்கு ஜலதோஷமா?” என்றாள் செண்பகம். ஜெரால்ட் சிரித்தார்.

“ஈரம் இருந்தா வெடிக்கும், செம்பா.”

வாய் தவறி வந்துவிட்டது. ஜெரால்ட் சிரிப்பை நிறுத்தினார்.

கடலை மாவும் அரிசி மாவும் போட்டுப் பிசைந்தால் ஒட்டவே இல்லை. “அந்தத் தண்ணிதான்யா மாவப் புடிக்கும்,” என்று செண்பகம் தண்ணீர் தெளித்தாள். ஒவ்வொரு துளிக்கும் அவன் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

எண்ணெய் காய்ந்தது. ஸ்டீபன் கிட்டே போகவில்லை. உலைக்கு இரும்பு வீசுகிற மாதிரி, எட்ட நின்று ஒரு பிடி மாவை வீசினான். பொத்தென்று விழுந்தது. எண்ணெய் எகிறித் தெறித்தது.

“ஓடு!”

கத்தினவன் தெருவில் மழையில் நின்றான், வெறுங்காலோடு. ஆலையில் அதுதான் பழக்கம். வெடித்தால் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். ஆனால் இங்கே அடுப்பு எரிகிறது. பெண்டாட்டி உள்ளே இருக்கிறாள்.

செண்பகம் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். “இத்தினி நாளா இத்த மனசுல வெச்சிக்கினுதான் சுத்துனியா? என்னாண்ட சொன்னா இன்னாய்யா?”

அவள் பின்னால் ஜெரால்ட் நின்றார். “நாளைக்கு நீ பர்னேஸாண்ட வராத.”

ஸ்டீபன் படியேறி வந்தான். “அண்ணா, சமாளிச்சிக்கிறேண்ணா…”

“சமாளிக்கிறவன் அங்க செத்துடுவான்டா. பழைய இரும்பு கொட்டுற யார்டுல நில்லு. ஒவ்வொரு கொழாயா கவுத்துப் பாத்து உள்ள அனுப்பு. ஈரத்துக்குப் பயப்புடுறவன் ஒருத்தன் அன்னிக்கு அங்க இருந்திருந்தா, உன் தோளு வெந்திருக்குமா?”

உலை ஆள் என்கிற கெத்து அத்தோடு போயிற்று. ஆனால் மாசக்கணக்கில் அடைத்துக்கிடந்த மூச்சு வெளியே வந்தது.

“மாவு மிச்சம் கீது, வா,” என்றாள் செண்பகம். மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். “தூர நின்னு எறிஞ்சா தெறிக்கத்தான் செய்யும். கிட்டப் போயி, கையத் தாழ்த்தி, உதுத்து வுடு.” சொல்லிவிட்டு அவன் சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

உதிர்த்தான். எண்ணெய் சொய்யென்றது. உடம்பு தூக்கிப்போட்டது. கால் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

பொன்னிறமாக வந்த முதல் ஈட்டிலிருந்து ஒன்றை ஜெரால்ட் வாயில் போட்டு மொறுக்கென்று கடித்தார். அந்தச் சத்தத்துக்கும் ஸ்டீபன் துள்ளினான்.

“பக்கோடாடா அது!”

செண்பகம் சிரித்துவிட்டாள். சட்டையை மட்டும் விடவில்லை.