சரிகை நிறத்து மஸ்கடே

கலையரசிக்கு மூக்குதான் சோறு போடுகிறது. சாயப் பட்டறை டேனியலின் மகள் அவள். தொட்டியில் சாயம் கெட்டிருந்தால் அப்பாவுக்கு முன்னால் இவள் கண்டுபிடித்துவிடுவாள். இப்போது ஸ்ரீபெரும்புதூர் சாலையில், கார் கம்பெனிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஓட்டலில் ஒயின் பரிமாறுகிறாள்.

ஆறு வருடத்துக்கு முன்பு அவள் காஞ்சிபுரத்தில் நமச்சிவாயம் முதலாளியின் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முகூர்த்த நாளில் அரக்குப் புடவை ஒன்றைக் காணவில்லை. கடையில் இருபது பேர் வேலை செய்தார்கள். முதலாளி கூப்பிட்டது இவளை மட்டும்தான். கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே அவள் பையைக் கவிழ்க்கச் சொன்னார். டிபன் பாக்ஸ், சீப்பு, நாப்கின் பாக்கெட் எல்லாம் ஜமக்காளத்தில் உருண்டன. "இவங்க தெருவு ஆளுங்கள உள்ள வுட்டதே என் தப்பு" என்றார். மறுநாள் புடவை வேறொரு அட்டைப்பெட்டியில் கிடைத்தது. அந்த மகானுபாவர் ஒரு 'சாரி' சொல்லவில்லை. இவளும் அதன்பிறகு அந்தக் கடைப்படி மிதிக்கவில்லை.

அந்த ஆள் நாலு பேர் முன்னால் கூனிக் குறுக வேண்டும். சர்ச்சில் மண்டிபோட்டு அவள் கேட்டது இதைத்தான். பாஸ்டர் மன்னிப்பைப் பற்றிப் பேசினால் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

போன மாதம் ஒரு மதியம், ஆள் தானாகவே வந்து மாட்டினார். கூடவே ஏலேன் என்ற பிரெஞ்சு அம்மாள். பாரிஸில் அவளுக்கு இருக்கும் கடைகளுக்குக் காஞ்சிப் பட்டு வாங்க வந்திருந்தாள். அந்த ஆர்டருக்காக நமச்சிவாயம் ஒரு வருடமாய் நாயாய் அலைந்திருந்தார். கறுப்புக் கோட்டு போட்ட கலையரசியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"இத்த தொறந்து ஊத்துமா. பாண்டிச்சேரில வாங்கனது. நாலு வருஷமா ஷோரூம் அலமாரில லைட்டு போட்டு வெச்சிருந்தேன். நெறத்தப் பாரு, சரிகையாட்டம் தகதகன்னு இருக்குது!"

லேபிளைப் பார்த்தாள். மஸ்கடே. அடக் கடவுளே!

பிரான்சில் லுவார் ஆறு கடலில் கலக்கிற பக்கத்தில் விளையும் வெள்ளை ஒயின் அது. துளி இனிப்பு இருக்காது. எலுமிச்சைப் புளிப்பும் லேசான உப்புக் கரிப்புமாய் நாக்கைக் கழுவிவிடும். அங்கே சிப்பியோடு குடிப்பார்கள். இங்கே வறுத்த நெத்திலியோடும், மிளகு தட்டிப்போட்ட கோவில் இட்லியோடும்கூடச் சேரும். காரக்குழம்பு பக்கத்தில் வைத்தால் இருக்கிற இடம் தெரியாது. இளசிலேயே குடித்துவிட வேண்டும். தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தால்தான் நல்லது. சரிகை நிறம் வந்தால் கதை முடிந்தது.

மூடியைத் திறந்தாள். நறுக்கி வைத்துக் கறுத்துப்போன ஆப்பிள் வாடை குப்பென்று அடித்தது. ஒயின் கெட்டிருந்தால் விருந்துக்கு அழைத்தவர் காதில் மெல்லச் சொல்லிவிட வேண்டும், அது ஓட்டல் வழக்கம். ஃபிரிட்ஜில் புது மஸ்கடே குளிர்ந்துகொண்டிருந்தது. கலையரசி வாயைத் திறக்கவில்லை.

அழைத்தவர் முதலில் ஒரு வாய் ருசி பார்ப்பதும் வழக்கம். அதன்படி அவர் கிளாஸில் ஊற்றப்போனாள். அவர் கையால் மூடிக்கொண்டார்.

"இன்னாமா நீ! விருந்தாளிக்கு முன்னாடி நான் வாய வெக்கறதா? நம்ம ஊரு மரியாத தெரியாதா? மேடத்துக்கு மொதல்ல ஊத்து."

"சரிங்க சார்" என்று ஏலேன் கிளாஸை நிறைத்துவிட்டு அவருக்கும் ஊற்றினாள். கலையரசியின் மனசு குளுகுளுவென்று இருந்தது.

ஏலேன் மோந்து பார்த்துக் கிளாஸைக் கீழே வைத்தாள். நமச்சிவாயம் தன் பங்கை மடக்கென்று குடித்துவிட்டு, "சூப்பர், மேடம்! பெஸ்ட் குவாலிட்டி! ஃபோர் இயர்ஸ், ஷோரூம்ல, அண்டர் லைட்!" என்றார்.

"இந்த ஒயின் விளையும் ஊர்க்காரி நான்" என்றாள் ஏலேன் ஆங்கிலத்தில். "இது கெட்டு எத்தனையோ நாளாயிற்று. விளக்கடியில் வைத்தால் பட்டும் வெளுத்துப்போகுமே. அதையும் இப்படித்தான் வைத்திருக்கிறீர்களா?"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நமச்சிவாயத்தின் முகம் செத்துப்போயிற்று. கலையரசி மேல் பாய்ந்தார்.

"தொறக்கும்போதே தெரியலயா உனுக்கு?"

"தெரிஞ்சிது சார். வேணும்னுதான் சொல்லல. நான் கலையரசி. காணாம போன புடவைக்காக எல்லாரு முன்னாடியும் என் பைய கொட்ட வெச்சீங்களே."

அவர் முழித்தார். நடிப்பில்லை, நிஜமாகவே நினைவில்லை. "எந்தக் கலையரசி? உங்க ஆளுங்கள்ல எத்தினி பொண்ணுங்க பைய கொட்டியிருக்கேன், யாரு ஞாபகம் வெச்சிக்கினு இருப்பா?"

ஆறு வருடம் அவள் தூக்கத்தைத் தின்ற முகம் அது.

"என்ன சொல்கிறார்?" என்று ஏலேன் கேட்டாள்.

வேலை போனால் போகட்டும் என்று, கலையரசி அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல், பக்கத்து மேஜைக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னாள்.