மூச்சு விடாத படம்

வெள்ளிக்கிழமை காலை ஐந்து பத்துக்கு ஆத்தூரில் விழுப்புரம் பேருந்து ஏறினேன். கட்டணம் நூற்றுப் பத்து ரூபாய். மடியில் கேமராப் பை, தலைக்கு மேல் மூன்று நாள் துணி. பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "யாரு தவறிட்டாங்க?" என்று மெல்லக் கேட்டார். யாருமில்லை, புதுச்சேரிக்குப் படிக்கப் போகிறேன் என்றேன். நாற்பத்தாறு வயதில் படிப்பா என்று கேட்கவில்லை. ஆனால் கள்ளக்குறிச்சியில் இறங்கும்வரை ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்திருந்தார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஊரில் நான் சாவு வீட்டுப் போட்டோக்காரன். அப்பா ஆரம்பித்து வைத்தது. இருபது வருடமாக நான் செய்கிறேன். நாற்காலியில் உட்கார வைத்து, தாடையை நிமிர்த்தி, சொந்தக்காரர்களைச் சுற்றி நிறுத்தி எடுக்கும் கடைசிப் படம். "முருகேசன் எடுத்தா தூங்குற மாதிரியே இருக்கும்" என்பார்கள். அந்தப் பாராட்டுதான் என்னைக் கெடுத்தது. கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. மணமேடையில் என் முகத்தைப் பார்த்தால் பெண்ணின் தாயார் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

போன மாதம் ஒரு வழி பிறந்தது. ஊரில் புதிதாகத் துணிக்கடை திறக்க வந்த திருப்பூர்க்காரர் ஒருவருக்கு என் கதை தெரியாது. ஃபேஷன் படம் பத்து எடுத்துத் திங்கட்கிழமைக்குள் காட்டு, பிடித்திருந்தால் வருடம் முழுக்க வேலை என்றார். எனக்கு ஃபேஷனும் தெரியாது, உயிரோடு இருக்கிறவர்களை எடுத்துப் பழக்கமும் இல்லை. அதனால்தான் புதுச்சேரியில் நடக்கும் மூன்று நாள் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன்.

வெள்ளி, காலை 9.40

விழுப்புரத்தில் வண்டி மாறி நாற்பது கிலோமீட்டர். புதுச்சேரியில் இறங்கும்போது கார்த்திகைத் தூறல் விட்டிருந்தது. வானம் சாம்பல் நிறம், நிழலே விழாத வெளிச்சம். அறை அரியாங்குப்பத்தில், நாளைக்கு எழுநூறு ரூபாய். பையை அங்கே போட்டுவிட்டு, டெம்போ பிடித்து ஆற்றுப் பாலம் தாண்டி மறுபடி ஊருக்குள் வந்தேன்.

பயிற்சி நடந்தது ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு பழைய மஞ்சள் வீட்டில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இங்கே சொல்தா என்கிறார்கள். அப்படி ஒரு சொல்தாவின் வீடு. குடும்பம் பிரான்சில். வீட்டைப் படப்பிடிப்புக்கு விடுகிறார்கள். கூடத்து நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளை உறை போட்டிருந்தது. கதவைத் திறந்ததும் மூடிக் கிடந்த வீட்டின் வாடை அடித்தது. எனக்கு அது பழக்கப்பட்ட வாடை.

சொல்லிக்கொடுத்தவள் ரேஷ்மா, முத்தியால்பேட்டைப் பெண், இருபத்தாறு வயது. பாடம் என்று எதுவும் நடத்தவில்லை. "கேட்டுப் படிக்கிறதுலாம் வேணாம்ணா. கைய வச்சுப் பாருங்க, கெட்டுப்போனா இன்னொண்ணு" என்றாள். தெர்மாகோல் அட்டையில் வெளிச்சத்தைத் திருப்பச் சொன்னாள். விளக்கில் கலர் காகிதம் ஒட்டச் சொன்னாள். தொளதொள உடுப்பின் முதுகில் துணிக் கிளிப் மாட்டினாள். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்தது போல நின்றது. வந்திருந்த மற்ற ஐந்து பேரும் வியந்தார்கள். எனக்கு வியப்பில்லை. விறைத்த கைக்குள் சட்டை ஏறாதபோது முதுகுப் பக்கம் கிழித்து முன்னால் போர்த்துவதை நான் பதினெட்டு வயதிலேயே கற்றிருந்தேன். என்னைப் பற்றிக் கேட்டபோது கல்யாணப் போட்டோகிராபர் என்று சொல்லி வைத்திருந்தேன்.

மாடலாக வந்தவள் ஜெனிஃபர். அரியாங்குப்பத்துக் கத்தோலிக்கக் குடும்பம், வயது இருபத்து மூன்று. நேரு வீதியில் அழகுப் பொருள் கடையில் வேலை, ஓய்வு நாளில் இது. அகன்ற நெற்றி, சிரித்தால் முகம் முழுக்கச் சிரிப்பு.

வெள்ளி, மதியம் 2.00

முதல் பயிற்சி: ஆளுக்கு ஒரு வெள்ளைத் துணி, ஒரு நாற்காலி, ஒரு மணி நேரம். ஒருவர் துணியை ஜெனிஃபரின் தலையில் தாமரை மாதிரி சுற்றினார். இன்னொருவர் ஜன்னல் கம்பியில் கட்டிப் பறக்கவிட்டார். என் முறை வந்தது. தோளில் மடித்து, இடுப்பில் சொருகி, கைகளை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, வடக்கு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினேன். பத்தே நிமிடம். எனக்கே பெருமையாக இருந்தது.

மாலையில் எல்லாப் படங்களையும் டிவியில் போட்டார்கள். என் படம் வந்ததும் ரேஷ்மா எழுந்து திரைக்கு அருகே போனாள். வெளிச்சம் பிரமாதம், துணி மடிப்பு பிரமாதம் என்றாள். பிறகு, "அண்ணா, இவ மூச்சு வுடுறாளா?" என்று கேட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஜெனிஃபர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் கிளம்பிய பிறகும் அந்தத் திரை முன் நின்றுகொண்டிருந்தாள்.

சனி, காலை 6.45

கடற்கரைச் சாலையில் கருங்கல் குவியலுக்கு மேல் படப்பிடிப்பு. நேற்றைய அவமானத்தைத் துடைக்கவேண்டும் என்ற வெறியில் இருந்தேன். பச்சைத் துப்பட்டா, சிவப்பு ரப்பர் செருப்பு மாட்டிவிட்டு, மீன் கூடையைத் தொப்பியாகக் கவிழ்த்தேன். ஜெனிஃபரை ஓடச் சொன்னேன், குதிக்கச் சொன்னேன். இருநூறு படம் எடுத்தேன்.

டீக்கடை நிழலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்தரத்தில் குதிக்கும் படத்தில்கூட அவள் இறந்திருந்தாள். தலைமுடி பறக்கிறது, துப்பட்டா பறக்கிறது, முகத்தில் ஒன்றுமே இல்லை. இருநூறிலும் அப்படித்தான். அதே இடத்தில் மற்றவர்கள் எடுத்த படங்களில் அவள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

பதினைந்து ரூபாய் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஜெனிஃபர் சொன்னாள்: "தப்பா நெனைக்காதீங்கண்ணா. நீங்க கேமராவத் தூக்குனாலே எனக்கு மூச்சு நின்னுடுது. நானா நிறுத்தல."

ரேஷ்மா என்னை மறுபடி எடுக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கவனித்தாள். ஜெனிஃபர் மூச்சை முழுதாக விட்டு, அடுத்த மூச்சு இழுக்கும் முன்னே இருக்கிற இடைவெளியில்தான் என் விரல் அமுக்குகிறது என்று கண்டுபிடித்தாள். ஒரு தடவைகூடத் தவறவில்லையாம். எப்படி என்று கேட்டாள். தெரியாது என்று புளுகினேன்.

எனக்குத் தெரியும். சாவு வீட்டில் படம் எடுப்பதில் ஒரே சிரமம், சுற்றியிருக்கிறவர்கள் மாரில் அடித்துக்கொண்டு ஆடுவார்கள். ஒப்பாரி வைக்கும் பெண்கள் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்துவார்கள். அந்தக் கணத்தில் யாரும் அசையமாட்டார்கள். அப்போது அமுக்கவேண்டும். இருபது வருடமாக என் விரல் அந்தக் கணத்துக்காகவே காத்திருந்து பழகிவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எனக்குத் தொட்டிலே சுடுகாடாகப் போய்விட்டது.

சனி, மதியம் 3.15

மறுபடி மஞ்சள் வீடு. மாடிப் படியிலிருந்து கீழே பார்த்து எடுக்கும் பயிற்சி. கறுப்பு வெள்ளைக் கல் பாவிய தரையில் ஜெனிஃபர் நீலப் பட்டுடுத்திப் படுத்திருந்தாள். நான் மடிப்புகளை விசிறி போல விரித்தேன், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினேன். மேலே போய்ப் பார்த்தால் பாதங்கள் இரண்டு பக்கமும் சாய்ந்து அசிங்கமாக இருந்தன. இறங்கி வந்தேன். மிச்சமிருந்த வெள்ளைத் துணியில் ஒரு விரற்கடை கிழித்தேன்.

அடுத்து நடந்ததை என் கைதான் செய்தது. நான் எதையும் யோசிக்கவில்லை.

"அண்ணா. இன்னா பண்றீங்க?"

குனிந்து பார்த்தேன். ஜெனிஃபரின் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டி, முடிச்சும் போட்டிருந்தேன்.

எந்தச் சாமியைக் கும்பிடுகிற தமிழனுக்கும் அந்த முடிச்சைத் தெரியும். படியில் நின்ற ஐந்து பேரும் கேமராவை இறக்கினார்கள். ரேஷ்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே போன ஐஸ் வண்டியின் மணி மட்டும் கேட்டது. தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திருப்பூர்க்காரர், பத்துப் படம், அப்பா, ஒப்பாரி, எல்லாம். அந்த ஐவரில் சென்னையிலிருந்து வந்திருந்த பெண்மணி தலை வலிக்கிறது என்று கிளம்பினார். முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்றாள் ரேஷ்மா. கோபமாகச் சொல்லவில்லை, பயந்து சொன்னாள். அது இன்னும் சுட்டது.

ஜெனிஃபர் தானே முடிச்சை அவிழ்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆற்றுப் பாலத்தில் டெம்போ நின்று நின்று ஊர்ந்தது. அழுகை வந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டேன், என் காலோடு போகாமல் ஒரு சின்னப் பெண்ணின் காலையும் கட்டிவிட்டேன். காலையில் முதல் வண்டிக்கு ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு, காலை 7.30

கேமராவுக்கான சார்ஜர் மஞ்சள் வீட்டில் மாட்டிக்கொண்டது. எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று போனால், வாசலில் ரேஷ்மாவின் ஸ்கூட்டர். கூடத்தில் ஜெனிஃபர் எனக்காகக் காத்திருந்தாள். கோயில் பூசைக்குப் போகிற சேலையில் இருந்தாள்.

போனை நீட்டினாள். திரையில் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், சமையலறையில் யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறார். அதே அகன்ற நெற்றி. அம்மா என்றாள். கொரோனா நேரத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தவர். மூட்டையாகக் கட்டி, குடும்பத்தைத் தூரத்தில் நிறுத்தி, குழியில் இறக்கிவிட்டார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை.

"அப்பா தெனம் கேப்பாருண்ணா, அவ மூஞ்சிய யாருனா பாத்தீங்களான்னு. நான் பாத்தேன், தூங்குறாப்ல இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். போட்டோகூட எடுத்தாங்கன்னு சொல்லிட்டேன். இப்ப அதக் காட்டுங்கிறாரு." போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "மொத நாளு டிவில போட்டீங்களே, அப்பவே பாத்தேன். அது நான் இல்ல. எங்கம்மா. அதயே அம்மாவா மாத்திக் குடுங்கண்ணா."

உயிரோடு இருக்கிற பெண்ணின் படத்துக்கு மாலை போடுவது ஆகாதும்மா என்றேன். பொய்யின் சாயம் ஒருநாள் வெளுத்துப் போகும் என்றேன். என் வேலையை விட்டு ஓடத்தானே இங்கே வந்தேன் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்றாள். ரேஷ்மா மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

இரண்டு மணி நேரம் வேலை. காதோரம் நரை ஏற்றினேன். கன்னத்தை ஒட்டவைத்தேன். இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம். கையில் செபமாலை. ஜெனிஃபர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மாவின் உதடு இன்னும் கொஞ்சம் கீழே, அம்மாவுக்கு மூக்குத்தி கிடையாது, அம்மா கருவாடு வறுத்தால் தெருவே கதவைச் சாத்தும், அம்மா சண்டை போட்டால் பூசை நேரத்தில்கூட விடமாட்டார். சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. ஒரு கையால் அம்மா மாதிரியே அதட்டிக் காட்டினாள்.

என் கை தானாகக் கேமராவை எடுத்திருந்தது. அவள் நிறுத்தவே இல்லை. காத்திருக்க இடைவெளியே கிடைக்கவில்லை. பேச்சின் நடுவிலேயே அமுக்கினேன், நாற்பது தடவை இருக்கும். பார்த்தால் அவள் கை அசைவில் கலங்கியிருந்தது, வாய் பாதி திறந்திருந்தது, ஜன்னல் வெளிச்சம் கோணலாக விழுந்திருந்தது. அத்தனையிலும் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ரேஷ்மா பத்தைத் தேர்ந்து கொடுத்து, "இதாண்ணா" என்றாள். நான் சந்தோஷப்பட்டேன். மறைப்பானேன், அந்த இடத்திலும் சந்தோஷப்பட்டேன்.

கடைசியில் திரையை ஜெனிஃபர் பக்கம் திருப்பினேன். இறந்துபோன அம்மா அங்கே இருந்தார். ஜெனிஃபர் பார்த்துக்கொண்டே தன் இடது புருவத்தைத் தொட்டாள். அங்கே மச்சம் இல்லை. இருந்தும் தேடினாள்.

ஞாயிறு, மதியம் 12.50

மிஷன் வீதிப் பக்கம் ஒரு லேபில் பன்னிரண்டுக்குப் பதினைந்து அளவில் பிரிண்ட் போட்டோம், சட்டத்தோடு முந்நூற்றைம்பது. நான் கொடுக்கப் போனேன், அவள் விடவில்லை. செய்தித்தாளில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டெம்போவில் ஏறினாள். நான் விழுப்புரம் வண்டி ஏறினேன்.

உளுந்தூர்ப்பேட்டை தாண்டும்போது போன் வந்தது. ஜெனிஃபர்.

"அப்பா பாத்தாருண்ணா. ரொம்ப நேரம் பாத்தாரு. நிம்மதியாத்தான் போயிருக்கான்னாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதுலேருந்து என் மூஞ்சிய மட்டும் நிமிந்து பாக்க மாட்டேங்கிறாரு."

அவர் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. அத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கும் பெற்ற மகளுக்கும் வித்தியாசம் தெரியாமலா போகும்? தெரிந்தும் ஏற்றுக்கொண்டாரா, பயந்துபோனாரா, அதை என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்றும் ஆகாதும்மா, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றேன். சாவு வீட்டில் வழக்கமாகச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னேன்.

ஆத்தூரில் இறங்கும்போது மாலை ஐந்தே முக்கால். வாய்க்காலும் கடலும் இல்லை, மற்றபடி அதே சாம்பல் வானம் இங்கேயும் இருந்தது. வீட்டுக் கதவைத் திறந்தாள் செல்வி, என் மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் வேலை முடித்து வரும்போதெல்லாம் வாசற்படியில் நிறுத்தி ஒன்றைத்தான் கேட்பாள். வெறும் பிரிண்ட் வேலை என்றால் நேரே உள்ளே விடுவாள். சாவு வீடு என்றால் கொல்லைப் பக்கம் கையைக் காட்டுவாள்.

"குளிக்கணுமா?" என்றாள்.

பையில் பத்துப் படம் இருந்தது. திங்கட்கிழமை காட்டலாம், வேலை கிடைக்கும் என்று நம்பிக்கையும் இருந்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பையை அவள் கையில் கொடுத்துவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். நான் பார்த்தே இராத ஒரு அம்மாவுக்காகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.