செய்முறைக் கூடத்து மாடு

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களிடம் எனக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை. வெள்ளை உடை, விரித்த தலைமுடி, நாய் ஊளை என்று எதிர்பார்த்து வந்திருந்தால் இப்போதே எழுந்து போகலாம். இதில் அதெல்லாம் கிடையாது. இதில் ஒரு மாடு இருக்கிறது. அதுவும் ஃபைபர் மாடு. இது எனக்கு நடந்தது. சரியாகச் சொன்னால் என் வலது கைக்கு நடந்தது.

நான் ஒரு வேளாண்மைத் தொழில்நுட்பக் கல்லூரியில் கால்நடைப் பிரிவுச் செய்முறைப் பயிற்றுநர். பசுவுக்குப் பிரசவம் பார்ப்பது, கன்று குறுக்கே கிடந்தால் திருப்பி எடுப்பது, இதெல்லாம் என் பாடம். எங்கள் முதல்வருக்கு இந்தப் பாடமே பிடிக்காது. வாழ்நாளில் ஒருமுறைகூடச் சாணியை மிதிக்காத மனிதர். வந்ததும் முதல் வேலையாகக் கல்லூரித் தொழுவத்து மாடுகளை ஒன்றுவிடாமல் விற்றார். காரணம், அவர் அறை ஜன்னல் பக்கம் நாற்றம் அடித்ததாம்.

தொழுவத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் கண்ணாடிச் சுவரோடு ஒரு செய்முறைக் கூடம் கட்டினார். உள்ளே ஒரு டிராக்டர். இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரித்ததில்லை. ஒரு பொறிகூடப் பறக்காத வெல்டிங் மேசை. கடைசல் இயந்திரத்தின் மேல் பூச்சாடி. மண்ணில்லாமல் குழாயில் கீரை வளர்க்கும் அமைப்பு ஒன்று. கீரை வாடினால் கடையில் வாங்கிவந்து செருகிவிடுவார்கள். வாசலில் பெரிய எழுத்தில் ‘கையால் செய்து கற்போம்’ என்று ஒரு பலகை. அதற்குக் கீழேயே ‘பொருட்களைத் தொடாதீர்கள்’ என்று இன்னொன்று. இரண்டையும் எழுதச் சொன்னவர் அவர்தான். இரண்டுக்கும் ஆகாது என்பது இன்றுவரை அவர் மண்டையில் ஏறவில்லை.

கூடத்தின் நடுவில், விளக்கு வெளிச்சத்தில், அந்த மாடு. கறுப்பு வெள்ளை. நிஜ அளவு. பின்பக்கம் ரப்பர் வாய். வயிற்றுக்குள் நிஜக் கன்றின் எடையில் ஒரு ரப்பர் கன்று. மாணவர்கள் உள்ளே கையை விட்டு, கன்று எப்படிக் கிடக்கிறது என்று தடவிப் பழக வேண்டும். நல்ல கருவிதான், கருவியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்கிய நாள் முதல் ஒரு மாணவன் கைகூட உள்ளே போகவில்லை. சுற்றிலும் தடுப்பு. அழுக்காகிவிடுமாம்.

அந்த லட்சணத்தில் ஆய்வுக்குழு வருவதாகத் தகவல் வந்தது. மாட்டுக்குள் தானே கையை விட்டுக் காட்டப்போவதாக முதல்வர் அறிவித்தார்.

“நானே எறங்கி வேலை செய்றேன்னு தெரியணும்யா. ஃபோட்டோகிராஃபருக்குச் சொல்லிட்டேன். நீ மாட்டை ரெடி பண்ணி வை.”

ஆக, குழு வருவதற்கு முந்தின நாள் மாலை, எல்லோரும் போன பிறகு நான் மட்டும் கூடத்தில். ஆறு மணி இருக்கும். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

ரப்பர் கன்றை வெளியே எடுத்துக் கழுவினேன். சோப்பு நீர் தடவி மறுபடி உள்ளே தள்ளினேன். முன்னங்கால் இரண்டும் ரப்பர் வாய்ப் பக்கம், அவற்றின் மேல் தலை. இதைவிட நேராக வைக்க முடியாது. எங்கள் முதல்வரே கண்டுபிடித்துவிடுவார்.

கை கழுவிவிட்டுத் துணியோடு வந்தேன். மாட்டைத் துடைக்கத் தொடங்கினேன். ரப்பர் வாயில் கை பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். வெயில் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

துடைத்துக்கொண்டே இருந்தேன். அந்த வாயின் ரப்பர் வளையம் மெல்லச் சுருங்கியது. பிறகு விரிந்தது.

உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம். நான் ஊற்றியது ஒரு குவளை சோப்பு நீர். கேட்டது தொட்டித் தண்ணீர்.

அப்போது ஃபோன் அடித்தது. முதல்வர்.

“கன்னு நேராத்தானே கெடக்கு?”

“நேராத்தான் சார் வச்சிருக்கேன்.”

“எல்லார் முன்னாடியும் நான் தேடிக்கிட்டு நிக்க முடியாது. இன்னொரு தடவ பாத்துரு.”

பார்க்காமல் போயிருக்கலாம். ஆனால் காலையில் கன்று சரிந்து கிடந்தால் அந்த ஆள் என்னைத்தான் காய்ச்சுவார். தோள்வரை வரும் கையுறையை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டேன்.

மணிக்கட்டு உள்ளே போனதுமே கன்றின் குளம்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை.

முழங்கை வரை விட்டேன். ஒன்றுமில்லை.

தோள் வரை விட்டேன். என் கன்னம் ஃபைபர் உடம்பில் அழுந்தியது. உள்ளே சூடு. ரப்பர் சூடு அல்ல, அது எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருடமாகப் பசுக்களுக்குள் கை விடுகிறவன் நான். இது உயிர்ச் சூடு.

என் உள்ளங்கையில் ஏதோ பட்டது.

குளம்பு என்று நினைத்தேன்... குளம்பு இல்லை.

விரல்கள்.

அவை என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவின. அவசரமே இல்லை. பிறகு மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை மடக்கிப் பார்த்தன. முழங்கை வரை வந்து அதையும் மடக்கிப் பார்த்தன.

இது என் பாடம். கிடைத்தது முன்னங்காலா பின்னங்காலா என்று தெரிய, மூட்டுகளை இப்படித்தான் மடக்கிப் பார்க்கச் சொல்வேன்.

விரல்கள் திரும்பி வந்தன. என் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் நுழைந்தன.

கிள்ளின.

சுருக்கென்றதில் கை உள்ளேயே துள்ளியது.

அதுவும் என் பாடம்தான். குளம்பின் பிளவில் கிள்ள வேண்டும். கால் உதறினால் கன்று உயிரோடு இருக்கிறது.

உதறிவிட்டேன்...

அந்தப் பக்கம் யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

கயிறு விழுந்தது. மணிக்கட்டுக்கு மேலே ஒரு சுருக்கு. கீழே ஒரு சுருக்கு.

இழுத்தார்கள்.

ரப்பர் வளையம் என் தோளைக் கவ்வி இறுகியது. கத்தினேன். கூடத்தில் கேட்க யாருமில்லை.

விட்டார்கள். மறுபடி இழுத்தார்கள்.

தாய் முக்கும்போது இழு. ஓயும்போது விடு. நான்தான் கத்து கத்தென்று கத்திச் சொல்லிக்கொடுப்பேன்.

ஓயட்டும் என்று காத்திருந்தேன்.

வளையம் தளர்ந்தது.

இரண்டு காலையும் மாட்டின் மேல் ஊன்றி, உயிரைக் கொடுத்து இழுத்தேன். கை வந்தது. கயிறும் கையுறையும் வரவில்லை. மல்லாக்க விழுந்தேன்.

மாடு அப்படியே நின்றது. வண்ணம் பூசிய கண்கள். பின்னால் ரப்பர் வளையம் ஈரமாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. என் மனைவி செவிலியர். பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க இது? கயிறு தடம் மாதிரி இருக்கு.”

“கயிறுதான்.”

“யார் கட்டினது?”

“தெரியல.”

விளக்கடியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “யாரா இருந்தாலும், கட்டத் தெரிஞ்சவங்க” என்றாள்.

மறுநாள் காலை முதல்வரிடம் போய்ச் சொன்னேன். அந்த ஆளை எனக்குப் பிடிக்காதுதான். அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா?

“சார், மாட்டுக்குள்ள கை விடாதீங்க. உள்ள ஏதோ இருக்கு.”

“என்ன இருக்கு?”

“ஒரு கை.”

கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே சிரித்தார். “ராத்திரி எவ்வளவு குடிச்ச? கன்னு நேரா இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லு.”

மணிக்கட்டைக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழு வந்தது. ஐந்து பேர். கடையில் வாங்கிச் செருகிய கீரையைப் பார்த்து ஐந்து பேரும் தலையாட்டினார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள். மாட்டிடம் வந்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். “ஃபோட்டோல நீ எதுக்கு? தள்ளு” என்றார் முதல்வர். கோட்டைக் கழற்றினார். கையுறை மாட்டினார். தோள்வரை கையை விட்டுவிட்டு, கேமராவைப் பார்த்துப் பல் இளித்தார்.

“அசையாதீங்க சார்” என்றார் ஃபோட்டோகிராஃபர்.

அவர் அசையவில்லை. சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் மாறின.

நான் பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். கை சுலபமாக வந்துவிட்டது. கயிறு இல்லை. தடம் இல்லை. “கன்னோட ரெண்டு காலும் தெளிவாத் தட்டுப்பட்டுது” என்று குழுவிடம் சொன்னார். குழு கைதட்டியது. அப்புறம் தன் அறைக்குக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டேன் என்று என்னைத் திட்டித் தீர்த்தார். திட்டும்போதெல்லாம் வலதுகை விரல்களைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரமே நீண்ட விடுப்பில் போனார். அவர் இல்லாத தைரியத்தில் நாங்கள் மாட்டை அறுத்துப் பார்த்தோம். வெல்டிங் மேசைக்கு அதுதான் முதல் வேலை. உள்ளே ரப்பர் கன்று நான் வைத்தபடியே நேராகக் கிடந்தது. என் கையுறை இல்லை. அடைத்த வயிறு. வேறு வழியும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை முதல்வரின் மனைவி எனக்கு ஃபோன் செய்தார்.

“தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“சொல்லுங்கம்மா.”

“அன்னைக்கு அதுக்குள்ள யாரோ இவர் விரலுக்கு நடுவுல கிள்ளினாங்களாம். கேமரா இருந்துதுன்னு கையை அசைக்காம அப்படியே வச்சிருந்தாராம். இப்பதான் சொல்றார்.”

என் மணிக்கட்டுத் தடத்தைத் தடவிக்கொண்டேன்.

“தோளைச் சுத்தி ஒரு கோடு வந்திருக்கு தம்பி. மெல்லிசா. தெனமும் காலையில கொஞ்சம் ஆழமாத் தெரியுது. டாக்டருக்குப் புரியல. கம்பி போட்டு அறுத்த மாதிரி இருக்குங்கறார். உங்க கூடத்துல அப்படி ஏதாவது கம்பி இருக்கா?”

எங்கள் கூடத்தில் இல்லை. ஆனால் அந்தக் கம்பி எனக்குத் தெரியும். கிள்ளியும் உதறாத கன்று செத்த கன்று. அதை முழுசாக இழுக்கமாட்டோம். தாயைக் காப்பாற்ற, உள்ளேயே மெல்லிய கம்பியைச் சுற்றி, அறுத்து, துண்டு துண்டாக எடுப்போம்.

முதலில் ஒரு முன்னங்கால். தோளோடு.

“அம்மா... தோள்ல மட்டும்தானே?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னைக்குக் காலையில கழுத்தச் சுத்தியும் தெரியுது தம்பி.”