குறை சொன்னால் கைதட்டு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் குறை பேசுவது தடை செய்யப்பட்டது. வீட்டில் நாங்கள் மூன்றே பேர். அப்பா மண்டி மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடையில் விற்பனையாளர். அம்மா வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி அடுக்கிப் பெட்டியில் போடுவாள். சொந்தமாகக் கடை வைக்க வேண்டும் என்பது அப்பாவின் தீராத ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில் யாரோ நடத்திய வளமான வாழ்வுக்கான வகுப்புக்குப் போனார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பி வந்தபோது கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது, அதைச் சாப்பிடும்போதுகூடக் கழற்றவில்லை.

“கொறையப் பேசப் பேசக் கொறதான் வரும். இனி நம்மூட்டுல இல்லே, பத்தாது, முடியலேன்னு ஆரும் சொல்லப்படாது” என்றார்.

யாராவது மறந்து சொல்லிவிட்டால் மற்றவர்கள் கைதட்ட வேண்டும். சொன்னவர் உடனே அதை நல்லபடியாக மாற்றிச் சொல்ல வேண்டும். இதுதான் வகுப்பில் கற்றுக்கொடுத்த பயிற்சி. கண்காணிக்கும் பொறுப்பை அப்பா என்னிடம் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை துடைக்கும் வேலைகூடக் கிடைக்காத எனக்குத் தலைகால் புரியவில்லை.

உண்மையைச் சொன்னால், கொஞ்ச நாள் வீடு நன்றாகத்தான் இருந்தது. கேஸ் தீர்ந்தால் அம்மா, “புது சிலிண்டர் வரப் போகுதுங்க” என்பாள். பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரை கேட்டு வந்தபோது டப்பாவோடு எடுத்துக் கொடுத்துவிட்டு, நாங்கள் சர்க்கரை போடாத டீயைப் பிரமாதம் என்று சொல்லிக் குடித்தோம். அப்பா எரிந்து விழுவது நின்றுபோயிருந்தது. அதற்காக அம்மா எதை வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லியிருப்பாள்.

வகுப்புக்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு சாமுண்டி மலைக்குப் படியேறிப் போக முடிவு செய்தார்கள். நாங்களும் போனோம். அப்பா முன்னால் கோஷம் போட்டுக்கொண்டே ஏறினார். அம்மா பின்தங்கினாள். பாதி வழியில் ஒரு படியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது.

“முடியல கண்ணு. மூச்சே வர மாட்டேங்குது. அப்பாகிட்டச் சொல்லிறாத.”

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவள் பிடியிலிருந்து கையை இழுத்துக்கொண்டு பலமாகக் கைதட்டினேன். மேலே போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விஷயம் புரிந்ததும் அவர்களும் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். படிக்கட்டு முழுக்க ஒரே கைதட்டல். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “நல்ல காத்து வருது, அதான் உக்காந்தேன்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு எழுந்தாள். உச்சி வரை ஏறினாள். அப்பா என் தலையைத் தடவி, வந்திருந்தவர்களிடம் என்னைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

அதன் பிறகு அம்மா வாயிலிருந்து ஒரு குறையும் வரவில்லை. நான் எவ்வளவு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தும் வரவில்லை. ராத்திரி தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தே தூங்கினாள். கேட்டால் அப்படித்தான் சுகமாக இருக்கிறது என்றாள்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அம்மா இறந்துபோனாள். இதயத்தில் வால்வு பல காலமாகவே பழுதாக இருந்ததாகவும், முன்பே வந்திருந்தால் ஆபரேஷன் செய்து காப்பாற்றியிருக்கலாம் என்றும் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பா அங்கேயே வராந்தாவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரை நான் என்றும் வெறுத்ததில்லை. வெறுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அவள் முன்பே ஒருமுறை டாக்டரிடம் போனாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும். மலைக்குப் போய் வந்து ஒரு மாதம் இருக்கும். கால் வீங்கியிருந்தது. அப்பா கடையில் இருந்த நேரமாகப் பார்த்து, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் கேட்டார்.

“மெட்டிலு ஹத்திதரெ உசிரு கட்டுத்தா?”

படியேறினால் மூச்சு முட்டுகிறதா என்றுதான் கேட்டார். அம்மா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, பக்கத்து ஸ்டூலில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கைகள் இரண்டும் மடியை விட்டு எழும்பித் தயாராக இருந்தன. அவள் கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்தாள்.

“சென்னாகே இதீனி, டாக்டர்” என்றாள். நன்றாகத்தான் இருக்கிறாளாம்.

டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் குதித்துக்கொண்டே வந்தேன். அம்மா தப்பாமல் பதில் சொல்லிவிட்டாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மாக்கள்தான் பிள்ளைகளுக்கு அனுமதி கொடுப்பவர்கள் என்று நினைத்திருந்த வயது அது. அந்த ஸ்டூலில் இருந்த என்னைப் பார்த்து அவள் கேட்டது அனுமதி என்பது எனக்கு எப்படித் தெரியும்?