மூன்றாம் மாடிக்கு ஏறிய தண்ணீர்

தண்டையார்பேட்டை ஹஃப்சாவுக்கு முப்பத்தெட்டு வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, திருவொற்றியூரில் பம்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷம் அளவு சரிபார்க்கும் வேலை செய்தவள். மயிரிழை கூடினாலும் பாகத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவாள். கம்பெனியை மூடியதும் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. குடியிருந்த ஹவுசிங் போர்டு பிளாக்கின் கீழே, சங்கத்து அறையில், சாயங்காலங்களில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

எளிய எந்திரங்கள் பாடம் வந்தது. நெம்புகோல், கப்பி, சாய்தளம் என்று எல்லோரும் கடகடவென ஒப்பித்தார்கள். கப்பி எதற்கு என்றால், "வேலையை எளிதாக்க" என்று ஒரே குரலில் பதில். எப்படி எளிதாகும் என்று கேட்டதும் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள்.

மறுநாள் காசிமேட்டில் பழைய படகுச் சாமான் விற்கிற கடையிலிருந்து இரண்டு இரும்புக் கப்பி, நைலான் கயிறு, மீன் நிறுக்கிற கொக்கித் தராசு எல்லாம் வந்து சேர்ந்தன. பிளாக்கில் மோட்டார் பாதி நாள் ஓடாது. முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்ட மூன்றாம் மாடி ஜானட்கூடத் தண்ணீரைச் சுமந்துகொண்டுதான் படியேறினாள். அந்தத் தண்ணீரை மேலே ஏற்றுவதுதான் பாடம் என்று முடிவாயிற்று.

மொட்டை மாடியில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரும்பு உத்தரத்தில் ஒரு கப்பியை மாட்டினார்கள். இருபது லிட்டர் கேனைக் கட்டி இழுத்தால் இழுக்கிற முனையில் மாட்டிய தராசு இருபத்திரண்டு கிலோ காட்டியது.

"கையில தூக்குனாலே இருவதுதான மிஸ். இது இன்னாத்துக்கு?" என்றான் ஏழாம் வகுப்புப் பையன் அறிவு.

"கீழ நின்னுகினே இழுக்கலாம்ல."

"இருந்தாலும் ஏமாத்து வேல மிஸ்."

கயிற்றின் ஒரு நுனியை உத்தரத்திலேயே கட்டி, கயிற்றில் ஓடும்படி இரண்டாவது கப்பியைக் கேனோடு சேர்த்துக் கட்டினாள். தராசு பன்னிரண்டுக்கு இறங்கியது. அறிவு விடவில்லை; கயிற்றில் சாக்பீஸால் குறி போட்டுப் பார்த்தான். கேன் ஓரடி ஏற, கயிறு இரண்டடி இழுக்க வேண்டியிருந்தது. "சும்மா ஒண்ணும் குடுக்காது போல" என்றான்.

மூன்றாம் நாள், பாதி உயரத்தில், இழுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் கை வழுக்கியது. கேன் நேராக வந்து கீழ்வீட்டு பஷீரின் பைக்மேல் விழுந்து கண்ணாடியை உடைத்தது. அங்கே யாரும் நிற்கவில்லை.

பஷீர் சத்தம் போடவில்லை. "யார்னா நின்னுகினு இருந்தா இன்னா ஆயிருக்கும்? படிச்ச பொண்ணு நீ. கை வுட்டா நிக்கிறதுக்கு ஒண்ணு வெச்சியா இதுல?"

ஹஃப்சா எதுவும் வைத்திருக்கவில்லை. பதினோரு வருஷம் மற்றவர் செய்த பிழையைக் கண்டுபிடித்தவள். கயிற்றை இறக்கிச் சுருட்டினாள். வேறு கண்ணாடி வாங்கிவந்து அவளே மாட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் பிள்ளைகளிடம் சொன்னாள்: "தப்பு என்னுது. தூக்குறத மட்டும் யோசிச்சேன், நிறுத்துறத யோசிக்கல."

எட்டாம் வகுப்பு சிவந்தி மெல்லச் சொன்னாள். "மிஸ், எங்கப்பா ஹார்பர்ல படகக் கரையில கட்டும்போது, கயித்த கம்பத்துல ரெண்டு சுத்து சுத்துவாரு. அப்பால ஒத்த கையில புடிச்சிகினு நிப்பாரு."

கயிற்றை மறுபடி கப்பிகளில் மாட்டினார்கள். கேனைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி, கயிற்றை வாசல் இரும்புக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். பிடித்திருக்கும் முனையில் தராசு ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை. டிப்ளமோவில் இதைப் படித்திருக்கத்தான் வேண்டும். ஹஃப்சாவுக்கு ஞாபகமே இல்லை. சிவந்தியையே எல்லோருக்கும் செய்து காட்டச் சொன்னாள்.

பிறகு முதலில் பஷீரைத்தான் கூப்பிட்டாள். அவர் கேனைப் பாதி உயரம் ஏற்றிவிட்டு, வேண்டுமென்றே பிடியைத் தளர்த்தினார். கேன் கொஞ்சம் இறங்கி நின்றது. இரண்டு தடவை செய்து பார்த்தார். "கீழ சுத்தி கயிறு கட்டிடு. யாரும் உள்ள வரக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்படியே கட்டினார்கள்.

முதல் கேனை மேலே வாங்கிய ஜானட்டிடம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள் ஹஃப்சா.

"வலிக்குதுதான். படி ஏறுனதால இல்ல, அவ்ளோதான்."

இந்த வருஷம் மணலியில் ஒரு கம்பெனியில் ஹஃப்சாவுக்கு மறுபடி அளவு பார்க்கிற வேலை கிடைத்தது. அதனால் வகுப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியிருக்கிறது. இப்போது நடப்பது சாய்தளம். காஸ் சிலிண்டரை வாசற்படியில் உருட்டி ஏற்ற எத்தனை அடிப் பலகை வேண்டும் என்று தகராறு. நாலடி போதும் என்கிறான் அறிவு. எட்டடிக்குக் குறையக் கூடாது என்கிறாள் சிவந்தி. ஹஃப்சா இரண்டு பலகையையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள்.