மயிலுக்குப் பின்னால் ஒரு மல்லாட்டைக் கொல்லை

பறவைப் படம் எடுக்கிற தொழிலில், பறவை வருவதற்கு முன்னால் கண்டிப்பாக ஒரு மனிதர் வந்துவிடுவார். வரப்பில் குப்புறப் படுத்து, எறும்பு கடித்தாலும் அசையாமல் கிடந்த அனுபவம் உள்ள சக பாவப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்கு வயது பதினேழு. செஞ்சி பஜாரில் மாமா வைத்திருக்கிற போட்டோ ஸ்டூடியோவின் பழைய கேமராவும், அதைவிடப் பழைய நீள லென்ஸும் என் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இது போக எனக்குச் சொந்தமான கருவி ஒன்று உண்டு, தொண்டை. எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். நைனா குரலில் நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது நைனா நிஜமாகவே கூப்பிட்டாலும் அம்மா திரும்பிப் பார்ப்பதில்லை.

வரப்பில் படுத்திருந்த ஆபீசர்

தொண்டூரில் பாறைக் குன்றை ஒட்டி ஒரு கொல்லை. கரண்ட் கம்பியில் பனங்காடை ஒன்று வந்து உட்காரும். பறக்கும்போதுதான் அதன் இறக்கையின் நீலம் வெளியே தெரியும் என்பதால், அது கிளம்பட்டும் என்று படுத்திருந்தேன். கையில் கழியோடு ஒரு அக்கா வந்து நின்று, எந்த ஆபீசு என்று கேட்டார். நீள லென்ஸைப் பார்த்தாலே ரோடு அளக்க வந்திருக்கிறோம் என்றுதான் நம் பக்கத்தில் நினைக்கிறார்கள், உங்களுக்கும் நடந்திருக்கும். நானும் சும்மா இருக்காமல், மூக்கால் பேசுகிற ஒரு ஆபீசர் குரலை எடுத்து, மேலிடத்திலிருந்து வந்திருக்கிறோம், குறை ஏதும் இருந்தால் சொல்லலாம் என்றேன்.

சொன்னார். அவர் பெயர் செல்வி. நிலம் செஞ்சியில் மளிகைக் கடை வைத்திருக்கிற முதலாளியுடையது. பாடு இவருடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய் பிடிக்கிற நேரமாகப் பார்த்து மயில்கள் குன்றிலிருந்து இறங்கி, செடியைக் கிளறித் தின்றுவிடுகின்றன. போன தடவை பங்கு குறைந்ததற்கு மயில்தான் காரணம் என்று சொன்னதை முதலாளி நம்பவில்லை. தனக்குத் தெரியாமல் மார்க்கெட் கமிட்டியில் செல்வி அக்கா தனியாக மூட்டை போட்டு விற்றுவிட்டதாக முடிவு கட்டிவிட்டார். இந்தத் தடவையும் குறைந்தால் நிலத்தை வேறு ஆளுக்கு விடப்போகிறாராம். செல்போனில் படம் எடுத்துக் காட்டியும் பார்த்திருக்கிறார் செல்வி அக்கா. அதில் மயில் கடுகு அளவுக்கு இருந்திருக்கிறது. இவ்வளவையும் கேட்ட பிறகு எனக்கு மூக்குக் குரல் வரவில்லை. ஆபீசரெல்லாம் இல்லை, குருவிகளைப் படம் எடுக்கிறவள் என்று சொல்லிவிட்டு, கழி எந்தப் பக்கமாக இறங்கும் என்று பார்த்தேன். அவர் லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆபீசரு பொய்யின்னா போவுது பாப்பா. கேமரா நெஜந்தானே?”

வெண்ணெய்

மறுநாள் விடிந்ததும் போய்விட்டேன். தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. ஒரு ஆண் மயில் செடிகளுக்கு நடுவே வந்து நின்று தோகையை விரித்தது. சக பாவப்பட்டவர்களே, அந்த நேரத்தில் மல்லாட்டையாவது ஒன்றாவது. லென்ஸை முழுசாகத் திறந்து, மயிலின் கண் மட்டும் ஊசிமுனை மாதிரி விழும்படியும், அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெயாக உருகிப்போகும்படியும் எடுத்தேன். பின்னணியை எவ்வளவுக்கு அழிக்கிறோமோ அவ்வளவுக்கு நமக்குப் பெருமை.

மாமாவிடம் சொல்லிப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டு, செல்வி அக்காவோடு மளிகைக் கடைக்குப் போனேன். முதலாளி நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். கடை ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். துவரம்பருப்பு வாங்க வந்தவர்கூட எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். செல்வி அக்கா மட்டும் படத்துக்குள் தன் செடிகளைத் தேடிக்கொண்டிருந்தார். செடி, காய், கிளறிப் போட்ட மண் எல்லாவற்றையும் நான்தான் வெண்ணெயாக்கியிருந்தேனே. கடைசியில் முதலாளியின் விரலும் அங்கேதான் போய் நின்றது.

“மயிலு ஜம்முனு இருக்குது. பின்னாடி இன்னாது பச்சையா, பாசி புடிச்ச கொளமா?”

கல்லாவுக்கு மேலே

அந்தப் பிரிண்டை அவர் திருப்பித் தரவில்லை. பிறகொரு நாள் அக்காவோடு போனபோது, அது கண்ணாடி போட்டு, கல்லாவுக்கு மேலே பூச்சரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. எதிரில் ஊதுபத்தி. தினமும் கடை திறந்ததும் அதற்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் முதல் வியாபாரமாம். செல்வி அக்காவின் மல்லாட்டையை மேய்கிற மயிலுக்கு நிலத்துக்காரர் கையால் தீபாராதனை. அக்கா அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இதுவரைக்கும் மயில் மேல் புகார் சொன்னதையே நம்பவில்லை, இனிமேல் சாமி மேல் சொல்கிற மாதிரி ஆகிவிடும் என்று என் காதோடு சொன்னார்.

முதலாளி என்னை மட்டும் பக்கத்தில் அழைத்தார். நான் வரையவும் செய்வேன் என்று மாமா எப்போதோ பெருமை அடித்திருக்கிறார். படத்தில் ஒரு குறை இருக்கிறது, பெயின்ட் வைத்துச் சரி செய்துதர முடியுமா என்று கேட்டார். குறையா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணைச் சுற்றியுள்ள வெள்ளைக் கோட்டையும், தோகையில் நிற்கிற தூறல் துளிகளையும் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் சரி பாப்பா, வண்டிய மட்டும் எடுத்துருக்குற. முருகர் எங்க?”

பந்தி

மல்லாட்டை பிடுங்குகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை லென்ஸைச் சுருக்கி, மயில், செடி, காய், மண் எல்லாம் ஒரே தெளிவாக விழ எடுத்துவிடுவது என்று போனேன். ஆனால் வரப்பில் ஒருத்தி அடிக்கடி படுத்துக் கிடப்பதை மயில்கள் பார்த்து வைத்திருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. சரி, தொண்டை எதற்கு இருக்கிறது என்று குன்றைப் பார்த்து மயில் மாதிரி அகவினேன். குன்று பதில் சொன்னது. பாறை இடுக்கிலிருந்து ஒன்று இறங்கியது, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் நான் அதுவரை பார்த்தே இராத பெட்டைகள் எல்லாம் குடும்பமாக வந்தன. எனக்குப் படம் பிரமாதமாகக் கிடைத்தது. கொல்லையில் ஒரு ஓரம் காலியானது. கழியோடு ஓடிவந்த செல்வி அக்கா, தான் விரட்டிக்கொண்டிருந்தால் நான் பந்தி போட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். திட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு சோர்வாகச் சொன்னார்.

அலகில் காயோடு நிற்கிற மயிலின் படத்தை முதலாளி முன்னால் வைத்தேன். இனி தப்ப முடியாது என்று நினைத்தேன். ஆனால் சுவர், கம்பம், வயர் எதுவும் உள்ளே விழாமல் எடுப்பது நம் கூட்டத்தின் வழக்கம் அல்லவா. படத்தில் இருந்தது எந்த ஊர் மல்லாட்டையாகவும் இருக்கலாம்.

“எல்லார் கொல்லையும் இப்டித்தான் இருக்குது. இது நம்ம கொல்லைன்னு மயிலா வந்து சொல்லும்?”

யார் அமுக்கினாலும் விழும்

பந்திக்குப் பழகிய மயில்கள் கூப்பிடாமலே வர ஆரம்பித்தன. ஒரு காலை நேரம், மோட்டார் கொட்டகை ஓரமாக ஒரு கூட்டம் கிளறிக்கொண்டிருந்தது. செல்வி அக்கா கழியை ஆட்டினார், கத்தினார். அவரையும் அவை பார்த்துப் பழகிவிட்டன. அன்றைக்குச் சின்ன லென்ஸ்தான் மாட்டியிருந்தேன். கேமராவை அக்காவின் கையில் திணித்து, சும்மா பட்டனை அமுக்குங்கள் என்று சொல்லிவிட்டு, நாலு காலில் இறங்கி நாய்க் குரலில் குரைத்துக்கொண்டே கொல்லைக்குள் ஓடினேன். அதற்குத்தான் பயந்தன.

அக்கா எடுத்த படத்தை மாமா பிரிண்ட் போடும்போது நான் தடுத்துப் பார்த்தேன். சாய்ந்த படம். ஓரத்தில் அக்காவின் விரல். ரெண்டு மயிலுக்குத் தலை வெளியே போய்விட்டது. மூன்றாவதன் அலகில் காயோடு ஒரு செடி. பாதிக் கொல்லை கிளறிக் கிடக்கிறது. பின்னால் மோட்டார் கொட்டகைச் சுவரில், முதலாளியே விளம்பரத்துக்காக எழுதிவைத்த அவருடைய கடைப் பெயர், எழுத்து எழுத்தாக. நடுவில், வாயைத் திறந்தபடி நான். செல்வி அக்கா யாரையும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். வேறு வழியில்லாமல் நானும் போனேன்.

முதலாளி வெகுநேரம் பார்த்தார். சுவரில் இருந்த தன் கடைப் பெயரை வாய்விட்டுப் படித்தார். அப்புறம் கல்லாவுக்கு மேலே பூச்சரத்தோடு இருந்த மயிலை ஒரு பார்வை பார்த்தார். கடையை ஆளிடம் விட்டுவிட்டு, அன்றைக்கே வண்டி எடுத்துக்கொண்டு தொண்டூருக்கு வந்து வரப்பில் நின்றார். கிளறிய மண்ணைச் செருப்பால் தள்ளிப் பார்த்தார். போன தடவையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேலியாகக் கட்ட வீட்டிலிருக்கிற பழைய புடவைகளைக் கொடுத்தனுப்புவதாகவும், வர்ற பட்டத்துக்கும் செல்வி அக்காவே பயிர் வைக்கட்டும் என்றும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். அக்கா கழியை வரப்பில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தார். முதலாளி வண்டியில் ஏறினவர், சட்டைப் பையிலிருந்து படத்தை இன்னொரு தரம் எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“கொல்ல நம்மளுதுதான், மயிலும் நெஜந்தான். நடுவுல அந்த நாயி யாருது செல்வி?”

ஆக, என் கேமராவில் எடுத்து இதுவரை ஒரு ஆளையாவது நம்ப வைத்த ஒரே விலங்குப் படத்தை எடுத்தது நான் இல்லை, அதில் இருக்கிற விலங்குதான் நான்.