ஐந்து மணிக்கு விட்டுட்டாங்க

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். விசாரணை நடத்திய வருவாய்த்துறை ஆர்.டி.ஓ., அவர் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த கிளார்க், கதவருகே டவாலி, என் தங்கை, நான். தங்கையின் வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் ஆறு. போலீஸ்காரர் ஒருவர்கூட இல்லை. இதை எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. நடந்ததற்கு வேறு யாரையும் நான் கைகாட்ட முடியாது.

விசாரணை தங்கை புருஷன் செத்ததைப் பற்றி. வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் அவனும் நானும் வேலை பார்த்தோம். இரண்டு மூட்டை நூல் குறைகிறது என்று ஒரு செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசரும் வாட்ச்மேனும் அவனை மில் வேனிலேயே ஏற்றிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். அப்போது மணி ஐந்து. ஏழு மணிக்கு நான் சோற்றுப் பொட்டலத்தோடு போனேன். வாசலில் இருந்த ஏட்டு அதை வாங்கி மோந்து பார்த்தார்.

"என்ன வெஞ்சனம்?"

"கத்திரிக்காங்கய்யா."

"மாமியா வீட்டு விருந்துக்கா வந்திருக்கான்? உள்ளதான் இருக்கான். போய்ட்டுக் காலைல வா."

காலையில் போனேன். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறான் என்றார்கள். எந்த வார்டு என்று கேட்டேன். வார்டு இல்லை. ரோட்டோரம் விழுந்து கிடந்தான், தூக்கி வந்தோம் என்பது அவர்கள் சொன்ன கதை. துணியை விலக்கிக் காட்டியபோது இரண்டு உள்ளங்காலும் கன்றிப்போய் வீங்கியிருந்தன. ரோட்டில் விழுகிறவனுக்கு உள்ளங்காலில் எப்படி அடிபடும்?

ஆர்.டி.ஓ. நல்ல மனுஷர். "உட்காருங்க" என்றார். எனக்கு உட்காரப் பயம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேனா பிடித்தவர்கள் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு? நேரத்தோட சொல்லுங்க."

"மில்லுலருந்து வேன்ல கூட்டிட்டுப் போனாங்கய்யா. அஞ்சு மணிக்கெல்லாம் ஸ்டேஷன்ல விட்டுட்டாங்க" என்றேன்.

கிளார்க் எழுதிக்கொண்டார். சோறு கொண்டுபோனதைச் சொல்ல வாயெடுத்தேன். "கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க" என்றார் கிளார்க். சரி, பிறகு கேட்பார்கள் என்று இருந்தேன். கேட்கவில்லை. "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்று தாளை நீட்டினார். வேகமாக எழுதிய கையெழுத்து, எனக்கு ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. கூட்டிக் கூட்டிப் படித்தால் அரைமணி நேரம் ஆகும். அம்புட்டு நேரம் ஆபீசரைக் காக்க வைக்கலாமா? கண்ணை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிவிட்டுப் போட்டேன். தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் படித்துவிட்டான் என்று நம்பினாள்.

எஸ்.ஐ. மீதும் இரண்டு போலீஸ்காரர்கள் மீதும் கொலை வழக்குப் போட்டார்கள். அது கோர்ட்டில் என் முறைக்கு வந்தபோது தங்கை மகள் நாலாம் வகுப்பு படித்தாள். ராத்திரி அவனை லாக்கப்பில் பார்த்ததாக முதலில் சொன்ன டீக்கடைக்காரர் கூண்டில் ஏறி, "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க" என்றார். மிச்சம் நான் ஒருத்தன்தான்.

ஏழு மணிச் சோறு, ஏட்டு கேட்ட வெஞ்சனம் எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் கோபப்படவே இல்லை. ஒரு தாளை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதான?"

"ஆமாங்கய்யா."

"அதுக்கு மேல இருக்கிற வரியச் சத்தமா வாசிங்களேன்."

எழுத்துக் கூட்டினேன். "மாலை ஐந்து மணிக்கு... காவல் நிலையத்தில் இருந்து... விடு... விடுவித்து விட்டனர்." பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"அஞ்சு மணிக்கே விடுவிச்சாச்சு. ஏழு மணிக்கு யாருக்குச் சோறு கொண்டு போனீங்க?"

"விட்டாங்கன்னா... கொண்டாந்து விட்டாங்கய்யா. மில்லுக்காரங்க விட்டாங்க." பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறோம், ஆளை பஸ் ஸ்டாண்டில் விடுகிறோம். அப்படித்தான் சொன்னேன். ஆனால் கூண்டில் நின்று சொன்னபோது எனக்கே அது சால்ஜாப்பு மாதிரி இருந்தது. அடித்தவர்கள் மூன்று பேரும் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இறக்கும்போது அவன் காவலில் இருந்தான் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. அன்றைக்கெல்லாம் தங்கை உள்ளே வரத் தைரியமில்லாமல் வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள்.

"என்னண்ணே ஆச்சு?"

"விட்டுட்டாங்க" என்றேன்.

இந்தத் தடவை அது தப்பாகப் புரியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நாகல் நகர் போகும் ஆட்டோவில் பாதி வழியில் கேட்டாள்.

"அன்னைக்கு நீ படிச்சுப் பாத்துத்தானண்ணே கையெழுத்துப் போட்ட?"

"ஆமா" என்றேன். இன்றுவரை மாற்றிச் சொல்லவில்லை.

அவன் செத்தபோது அரசாங்கம் ஒரு லட்சம் அறிவித்தது. இருபத்தையாயிரம் கையில் வந்தது. மீதி வழக்கு முடிந்ததும் என்றார்கள். முடிந்ததும் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். "காவல்ல சாகலைன்னு கோர்ட்டே சொல்லிருச்சே, அப்புறம் எதுக்கும்மா காசு?" என்றார் அங்கே இருந்தவர். அவர் கேட்டதும் நியாயம்தான். தங்கை அதற்குப் பிறகும் வருஷா வருஷம் மனு கொடுக்கிறாள், எழுதித் தருகிறவரை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு. மூன்று தடவையும் கடைசி வரி ஒன்றுதான். பாக்கி எழுபத்தையாயிரம் ரூபாய்.